ஒற்றைக்கண்ணனும் விருந்தறமும்

கிரேக்கத் தொன்மங்களைக் கற்கப் புகுவோர் முதற்கண் எதிர்கொள்வன மாந்தர் அல்லாத இனங்களே. இடைக்கு மேல் மனிதனும் இடைக்குக் கீழ்க் குதிரையுமாகிய சென்டார்கள், குதிரைவால் பெற்ற சாட்டிர்கள், பாம்புக் கூந்தல் கொண்ட கார்கன் உடன்பிறந்தார் மூவர், பாட்டினால் கப்பலோட்டிகளைக் கவர்ந்து அழிக்கும் சைரன்கள், ஆறு தலையுடைய சில்லா என விரியும் இப்பட்டியலைத் தொகுத்துத் தரும் கையேடுகள் மேலைநாட்டு மொழிகளில் மிகப்பல. அக்கையேடுகளின் வழியாக நம் வகுப்பறைகளிலும் வேரூன்றிவிட்ட ஒரு கருத்து உண்டு. இவ்வுயிர்கள் யாவும் நெறிப்படாத வன்மையின் உருவகங்கள். இவற்றை வெல்லும் தலைவர்கள் அறிவின், நாகரிகத்தின் உருவகங்கள். ஆதலின் இக்கதைகள் அறிவு விலங்குத்தன்மையை வென்ற வரலாறு என்பதே அக்கருத்து. காப்பிய ஒப்பீட்டில் ஈடுபடும் மாணவர்க்கு இது மிகவும் வாய்ப்பான சூத்திரம். இருபுறமும் இரண்டு பத்தி வரைந்து ஒப்புமை காட்டிவிடலாம் அன்றோ!

கிரேக்க இலக்கியம் இச்சூத்திரத்திற்கு அடங்குவதன்று என்பதை, அதற்கு மிகச் சிறந்த சான்றாகக் காட்டப்பெறும் ஒடிசிக் காப்பியத்தின் 9ஆம் காண்டத்தைக் கொண்டே காட்டலாம். மனிதனையும் மனிதன் அல்லாதவனையும் பிரிக்கும் கோடு அக்காப்பியத்தில் உடலின்மேல் வரையப்படவில்லை, விருந்தோம்பலின்மேல் வரையப்படுகிறது. வரைந்த பின்னரும், அக்கோட்டின் இப்பால் நிற்பவனைக் குற்றமற்றவன் என்று காப்பியம் விடுவிக்கவில்லை. இவ்விரண்டையுமே ஈண்டு நிறுவ விழைகிறேன்.

கதையை மிகச் சுருக்கமாக நினைவுகூர்வோம். டிராய் நகரை அழித்து மீளும் ஒடிசியஸ் சைக்ளோப்பியர் நாட்டை அடைகிறான். தோழர் பன்னிருவரைத் தேர்ந்துகொண்டு பாலிபீமஸ் என்பானது குகையுள், அவன் இல்லாத வேளையில் நுழைகிறான். மாலையில் மந்தையோடு மீண்ட பாலிபீமஸ் பெரும்பாறையால் வாயிலை அடைத்து, வந்தவரைக் கண்டு, மும்முறை இருவர் இருவராக அறுவரை உண்கிறான். ஒடிசியஸ் தன் பெயர் 'யாருமில்லை' எனப் பொருள்படும் 'ஊட்டிஸ்' என்று கூறி, அவனுக்கு மது ஊட்டி, தீயில் காய்ச்சிய ஒலிவமரக் கழியால் கண்ணைக் குத்திக் குருடாக்குகிறான். ஆட்டுக் கிடாய்களின் வயிற்றடியில் ஒட்டிக்கொண்டு எஞ்சியோர் தப்புகின்றனர்.

முதலில் உடலை நோக்குவோம். சைக்ளோப்பியன் என்றவுடன் நெற்றி நடுவே ஒற்றைக் கண் நம் மனக்கண்முன் தோன்றும். ஆயின், அவனுக்குக் கண் ஒன்றே என்று ஹோமர் யாண்டும் வெளிப்படக் கூறவில்லை. கதையின் போக்கினால் நாம் உய்த்துணர்வதே அது. கண்ணை ஒருமையிற் கூறும் அவர், அது கரிந்தபோது இமைகளும் புருவங்களும் பொசுங்கின எனப் பன்மையிற் கூறுகிறார். ஒற்றைக் கண்ணை விளக்கிக் கூறி, 'வட்டக்கண்ணர்' எனப் பெயர்க்காரணமும் தருபவர் ஹீசியட். அவர் தம் 'தியோகனி' நூலிற் காட்டும் சைக்ளோப்பியர் மூவரோ ஆடு மேய்க்கும் காட்டினர் அல்லர். பிரான்டீஸ், ஸ்டெரோப்பீஸ், ஆர்கீஸ் என இடி மின்னல்களின் பெயர் தாங்கிச் சீயஸ் கடவுளுக்கு இடிப்படை சமைத்துக் கொடுத்த கைவினைஞர். ஒரே பெயரும் ஒரே கண்ணும் இருந்தும் ஓரினம் எனச் சொல்ல இயலாதவாறு இருவேறு வாழ்க்கையர். உடல் ஓர் இனத்தின் இயல்பை வரையறுக்கும் என்ற எண்ணம் தொடக்கத்திலேயே இங்கு ஆட்டம் காண்கிறது.

கலைச்சான்றும் நோக்கத்தக்கது. எலூசிஸ் என்னுமிடத்திற் கிடைத்த பெருங்கலம் ஒன்றன் கழுத்தில் இந்நிகழ்ச்சி தீட்டப்பெற்றுள்ளது. கி.மு. 7ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சார்ந்த அக்கலத்தில் பாலிபீமஸ் கையில் மதுக்கிண்ணத்தோடு அமர்ந்திருக்க, மூவர் கழியைச் செலுத்துகின்றனர். உருவங்கள் யாவும் பக்கவாட்டில் வரையப்பட்டிருத்தலின் எல்லார்க்கும் புலனாவது ஒரு கண்ணே. குத்துவோனுக்கும் குத்துண்பவனுக்கும் வேறுபாடு பருமையில்தான் உள்ளது. ஓவியன் கருதிச் செய்தது அன்று எனினும், பார்ப்போர்க்கு அது ஒரு குறிப்பினைத் தாராமற் போகாது.

ஒற்றைக் கண் எங்ஙனம் தோன்றியது என்பதற்கு 1914இல் ஓதெனியோ ஆபெல் என்னும் தொல்லுயிரியல் அறிஞர் ஒரு விளக்கம் தந்தார். சிசிலித் தீவின் குகைகளில் கிடைக்கும் பழங்காலக் குள்ளயானைகளின் மண்டையோட்டில் துதிக்கைக்குரிய நடுப்பள்ளத்தைக் கண்டோர் அதனைக் கண்ணின் குழி என மயங்கியிருத்தல் கூடும் என்பது அவர் கருத்து. நயமான கருத்துத்தான். ஆனால் ஹோமர் சைக்ளோப்பியரைச் சிசிலியில் வைக்கவில்லை. அவ்வாறு வைத்தது பிற்கால வழக்கு. வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் அவ்வழக்கைக் குறித்துவிட்டு, அவர் எவ்வினத்தார், எங்கிருந்து வந்தார் என்பன தமக்குத் தெரியா என்றும் புலவர் கூற்றோடு அமைக என்றும் ஒதுக்கிவிடுகிறார். ஆபெல் விளக்கம் மெய்யே ஆயினும் அது விளக்குவது ஓர் எலும்பையே. ஒரு காப்பியத்தை அன்று.

ஹோமர் சைக்ளோப்பியரை அறிமுகம் செய்யும் பகுதியில் உடலைப் பற்றிய சொல்லே இல்லை. அவர்கள் நடுவதில்லை, உழுவதில்லை. கோதுமையும் வாற்கோதுமையும் கொடிமுந்திரியும் தாமே விளைகின்றன. அவர்க்கு அவை இல்லை, முறைகள் இல்லை, மலையுச்சிக் குகைகளில் வாழ்ந்து, அவரவர் தத்தம் மனைவி மக்களுக்கு முறை செய்வர், ஒருவரையொருவர் பொருட்படுத்தார். கப்பல் கட்டும் தச்சர் அவரிடம் இல்லை. ஆதலால் எதிரேயுள்ள வளமான ஆட்டுத்தீவு குடியேற்றம் இன்றிக் கிடக்கிறது. இவ்வளவும் 'இல்லை, இல்லை' என்னும் எதிர்மறைகளின் அடுக்கு. இவ்வில்லாமையைக் கூறுவோன் ஒடிசியஸ் என்பதை மறவாதிருத்தல் வேண்டும். அந்த ஆட்டுத்தீவை அவன் வருணிப்பதைப் பாருங்கள். மண் கொழுமையானது, கொடிமுந்திரி வாடாது, உழவு எளிது, துறைமுகத்தில் நங்கூரமும் வேண்டா! இது புலவன் இயற்கையை நுகரும் கண் அன்று. நிலம் தேடும் குடியேறியின் கண். கிரேக்கர் தெற்கு இத்தாலியிலும் சிசிலியிலும் குடியேற்றங்கள் நிறுவிய கி.மு. 8ஆம் நூற்றாண்டின் சூழல் இவ்வடிகளில் கேட்கிறது என அறிஞர் பலர் கூறுவது பொருத்தமே. நிலத்தைப் பயன்கொள்ளத் தெரியாதவன் நிலத்துக்கு உரியவன் அல்லன் என்னும் வாதத்தின் மிகப் பழைய வடிவங்களுள் இதுவும் ஒன்று எனலாம்.

இவ்வறிமுகம் தன்னுள்ளேயே முரண்படுகிறது. சைக்ளோப்பியர் நெறியிலார், செருக்குடையார் என்று தொடங்கும் ஒடிசியஸ், அடுத்த அடியிலேயே அவர்கள் சாவா வாழ்வினராகிய தெய்வங்களை நம்பி வாழ்பவர் என்கிறான். நெறியிலார்க்கு நிலம் தானே விளைதல் எங்ஙனம்? கிரேக்கர் எண்ணத்தில் உழாமல் விளையும் நிலம் பொற்காலத்து மாந்தர்க்கு உரியது. இரண்டாவது, ஒருவரையொருவர் பொருட்படுத்தார் என்றான். ஆனால் பாலிபீமஸ் நள்ளிரவில் அலறியபோது அயற்குகையினர் ஓடிவந்து வாயிலில் நின்று, ஆட்டைக் கவர்வார் உண்டோ, உன்னைக் கொல்வார் உண்டோ என வினவுகின்றனர். 'யாருமில்லை' என்ற விடையைக் கேட்டபின், சீயஸ் தரும் நோயைத் தவிர்த்தல் ஒல்லாது, தந்தையாகிய பொசைடனை வேண்டிக்கொள் என்று அறிவுரை கூறிச் செல்கின்றனர். சீயஸையும் பிற தெய்வங்களையும் நாங்கள் மதிப்பதில்லை என்று பாலிபீமஸ் முன்னர்ச் செருக்கினான்; அவ்வினத்தாரோ சீயஸின் ஆற்றலை ஒப்புகின்றனர். பாலிபீமஸ் தன் இனத்தாரிடமிருந்தும் ஒதுங்கித் தனித்து வாழ்பவன் என்று காப்பியமே குறிப்பதால், அவன் ஒருவனது கொடுமையை இனத்தின் இயல்பாகக் கொள்ளுதற்கு இடமில்லை.

அவன் குகையின் ஒழுங்கு மற்றொரு வியப்பு. தட்டுகள் பாற்கட்டியால் நிறைந்துள்ளன. குட்டிகள் மூத்தவை, இடைப்பட்டவை, அண்மையில் ஈன்றவை எனத் தனித்தனிப் பட்டிகளில் அடைபட்டுள்ளன. ஆடுகளை முறைப்படி கறந்து, ஒவ்வொன்றன் கீழும் அதன் குட்டியை விட்டு, பாலிற் பாதியை உறையவைத்துக் கூடைகளிற் சேர்த்து, மறுபாதியைக் குடிக்க வைத்துக்கொள்கிறான். மனிதரைக் கொன்று தின்ற மறுநாட் காலையிலும் இதே முறை பிறழாமல் நடக்கிறது. ஹோமர் இதனைக் கூறும் அமைதியான நடையே நம்மை நடுங்கச் செய்வது. கண்ணிழந்தபின் அவன் தன் கிடாயின் முதுகைத் தடவி, எப்போதும் முன் செல்லும் நீ இன்று ஏன் பின்தங்கினாய், உன் தலைவன் கண்ணை எண்ணி வருந்துகின்றாயோ என்று கேட்கும் பகுதியைப் படிப்போர், அக்கிடாயின் வயிற்றடியில்தான் ஒடிசியஸ் தொங்குகிறான் என்பதை அறிந்தும் ஒரு நொடி இரங்காமல் இரார். விலங்குத்தன்மையின் உருவகம் ஒன்றை மட்டும் படைக்க நினைத்த புலவனுக்கு இப்பகுதி தேவையே இல்லை.

இனி விருந்தறத்திற்கு வருவோம். கிரேக்கத்தில் 'ஸெனோஸ்' என்னும் ஒரே சொல் அயலான், விருந்தினன், விருந்தளிப்போன் என்னும் மூவரையும் குறிக்கும். புதுமை என்னும் பொருளிலிருந்து புதியராய் வந்தாரைக் குறிக்கும் நம் 'விருந்து' என்ற சொல்லை அறிந்தோர்க்கு இதன் பொருளாழம் எளிதில் விளங்கும். வந்தவனை முதலில் உண்பித்துப் பின்னரே ஊரும் பேரும் வினவுதல், பிரியும்போது பரிசில் ஈதல் என்பன அவ்வறத்தின் கூறுகள். சீயஸ் கடவுளே அயலாரைக் காப்பவர். பாலிபீமஸ் இவற்றை ஒவ்வொன்றாகத் தலைகீழாக்குகிறான். கண்டவுடனே யார் நீங்கள் என வினவுகிறான். உண்பித்தலுக்கு மாறாக விருந்தினரையே உண்கிறான். பரிசில் கேட்டபோது, உன்னைக் கடைசியில் உண்பதே நான் தரும் பரிசில் என்கிறான்.

எனினும் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். உரியவன் இல்லாத வீட்டில் நுழைந்து அவன் பாற்கட்டியை எடுத்து உண்டவர் யார்? பாற்கட்டியையும் குட்டிகளையும் கவர்ந்துகொண்டு விரைந்து கப்பலுக்கு மீள்வோம் என்று தோழர் வேண்டியபோது, அவன் பரிசில் தருவானா என்று காண விழைந்து தங்கியவன் ஒடிசியஸ். அவர்கள் செய்யக் கருதியது களவு. அவன் விழைந்தது பரிசில். விருந்தினனாக வரக் கருதியவர் எவரும் அவருள் இலர். மேலும், பாலிபீமஸை வீழ்த்திய மதுவின் வரலாறு யாது? இதற்குச் சற்றுமுன், தனக்கு எத்தீங்கும் செய்யாத சிக்கோனியரின் இஸ்மாரஸ் நகரை ஒடிசியஸ் அழித்து, ஆடவரைக் கொன்று மகளிரைப் பங்கிட்டான். அங்கே அப்பலோ கோயிற் பூசகன் மேரனை மட்டும் உயிரோடு விட்டதற்கு அவன் கொடுத்த பரிசிலே அம்மது. அதனையே விருந்துக் காணிக்கைபோல நீட்டிக் கண்ணைப் பறிக்கிறான். குகையுள் நின்று, நாங்கள் பெருநகரை அழித்த அகமெம்னானின் மக்கள், சீயஸை எண்ணி எங்களைப் போற்றுக என்று அவன் கூறும் வேண்டுகோளில் இரத்தலும் அச்சுறுத்தலும் கலந்தே ஒலிக்கின்றன. உயிர்க்கொலையும் பாற்கட்டிக் களவும் ஒரு நிறையுடையன என்று நான் வாதிடவில்லை. இருபக்கத்தும் விருந்தறம் சிதைந்துள்ளது என்பதைக் காப்பியம் மறைக்கவில்லை என்பதே என் கூற்று.

கண்ணைக் குத்தும் இடத்தில் ஹோமர் அடுத்தடுத்து இரண்டு உவமைகள் தருகிறார். கப்பற்கட்டையைத் தச்சன் துளைக்கருவியால் துளைக்க, வாரினால் பிறர் அதனைச் சுழற்றுவதுபோல என்பது ஒன்று. காய்ச்சிய கோடரியைக் கொல்லன் நீரில் தோய்க்க அது சீறுவதுபோல என்பது மற்றொன்று. கப்பற்றச்சர் இல்லாத இனத்தான் ஒருவன் கண்ணைக் கப்பற்றச்சின் உவமையால் அழிப்பது தற்செயல் ஆகாது. அறிவு வன்மையை வென்றது என்பார்க்கு இவ்வுவமைகள் பெருந்துணை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஹீசியட் காட்டும் மரபில் கொல்லுத்தொழில் சைக்ளோப்பியருக்கே உரியது. அம்மரபை அறிந்த அவையினர் இரண்டாம் உவமையை எவ்வாறு கேட்டிருப்பர் என்பது எண்ணற்பாலது.

கேட்ட அவையினர் என்றேன். இது ஹோமரின் அவையினர்க்கு மட்டும் அன்றி, கதைக்குள் இருக்கும் அவையினர்க்கும் பொருந்தும். 9ஆம் காண்டம் முழுதும் ஒடிசியஸ் தன் வாய்மொழியாகப் பேயாக்கியர் அரசன் அல்கினோவஸ் அவையில் கூறியது. அப்பேயாக்கியர் யார்? 6ஆம் காண்டத் தொடக்கம் அதனைக் கூறுகிறது. அவர்கள் முன்பு சைக்ளோப்பியர்க்கு அண்மையில் வாழ்ந்து, அவர் கொடுமை தாங்காமல் குடிபெயர்ந்தவர். ஆகவே சைக்ளோப்பியரை இழித்துரைத்தால் மகிழக்கூடிய அவை அது. ஊர் மீளக் கப்பல் வேண்டி நிற்பவன் அவையறிந்து பேசுவான் அன்றோ! ஆனால் 7ஆம் காண்டம் மற்றொன்றும் கூறுகிறது. அல்கினோவஸின் தந்தை நௌசிதோவஸ் பொசைடனுக்கும் இராட்சத வேந்தன் ஒருவன் மகளுக்கும் பிறந்தவன். பாலிபீமஸும் பொசைடன் மகனே. எனவே முறை பார்த்தால் பாலிபீமஸ் அல்கினோவஸுக்குத் தந்தையின் உடன்பிறந்தான், பெரியப்பனோ சிற்றப்பனோ ஆகவேண்டும்! தங்கள் இனம் சைக்ளோப்பியரைப் போலவே தெய்வங்களுக்கு நெருங்கியது என்று அல்கினோவஸே பெருமை பேசுகிறான். உண்ணக் கொடுத்து, ஆடையும் பொன்னும் ஈந்து, கப்பலில் ஏற்றி அனுப்பும் விருந்தறத்தின் உச்சியும், விருந்தினனைத் தின்னும் கீழ்மையும் ஒரு குருதியிற் பிறந்தவை. இதனை ஹோமர் உரத்துச் சொல்லவில்லை. இரண்டு காண்டங்களில் பிரித்து வைத்துவிட்டு வாளா இருக்கிறார்.

அடுத்து வரும் லெஸ்ட்ரிகோனியர் நாடு மேற்கூறிய சூத்திரத்தை மேலும் முறிக்கிறது. அங்கே அரசன் உண்டு. அவன் அவைக்களத்தில் இருக்கிறான். மரம் ஏற்றிய வண்டிகள் செல்லும் சீரிய சாலை உண்டு. அரசன் மகள் ஊற்றுக்கு நீர் முகக்க வருகிறாள். நாகரிகத்தின் அடையாளங்கள் எனச் சைக்ளோப்பியரிடம் இல்லாதவை பல இங்கே உள்ளன. ஆயினும் அவரும் மனிதரைத் தின்பவரே. பன்னிரண்டு கப்பல்களுள் பதினொன்று அழிந்தது அத்துறைமுகத்தில்தான். அவையும் சாலையும் விருந்தறத்திற்கு உறுதி ஆகா என்பது இதனாற் பெறப்படும்.

மனித இனத்துள்ளும் பாலிபீமஸ் உண்டு. இதாக்காவில் இரவலன் கோலத்தில் இருக்கும் ஒடிசியஸ்மேல், விருந்தினனுக்குப் பரிசில் தருகிறேன் என்று கூறி மாட்டுக்காலை வீசுகிறான் கிடெசிப்பஸ் என்னும் மணவேட்போன். பாலிபீமஸின் கொடிய நகையே இங்கு மனித வாயில் மீண்டும் எழுகிறது. மற்றொரு வேட்போனாகிய ஆன்டினோவஸ், வில்லைக் கேட்ட அவ்விரவலனை நோக்கி, மதுவுண்டு பிரித்தோவஸ் வீட்டில் முறைகெட்ட யூரிட்டியன் என்னும் சென்டார்போல நீயும் கெடாதே என்று அறிவுரை கூறுகிறான். அயலான் மனையில் இருந்து அவன் மதுவையே நாள்தோறும் குடித்து முறைகெடுவோன் கூறும் அறிவுரை இது! சென்டார்களின் கதை யாருக்குப் பொருந்தும் என்பது கேட்போர்க்குத் தெரியும், கூறுவோனுக்குத்தான் தெரியவில்லை.

சென்டார்களைப் பற்றி ஒருசில சொற்கள் இங்கு வேண்டும். பார்த்தினன் கோயிலின் தெற்குப்புறச் சிற்பப்பலகைகளிலும் ஒலிம்பியாச் சீயஸ் கோயிலின் மேற்கு முகப்பிலும் அவர்கள் மணப்பெண்ணைக் கவரும் குடிவெறியராய்க் காட்சியளிக்கின்றனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அச்சிற்பங்களைப் பாரசீகப் போர்வெற்றியோடு இயைத்துக் காண்பது பொதுவழக்கு. ஆனால் அவ்வினத்திலேயே, சென்டார்களுள் நீதி மிக்கவன் என இலியட் போற்றும் கைரன் இருக்கிறான். அக்கிலீஸை வளர்த்த ஆசான் அவன். போலஸ் என்னும் சென்டார் இருக்கிறான். தன் குகைக்கு வந்த ஹெராக்ளீஸுக்கு இறைச்சியைச் சமைத்து அளித்துவிட்டு, தான் பச்சையாகவே உண்டான் என்கிறது அப்பலோடோரஸ் பெயரால் வழங்கும் தொகுப்பு. விருந்தினனின் வழக்கத்தை அறிந்து அதன்படி அவனை உண்பித்து, தன் வழக்கத்தைத் தனக்கே வைத்துக்கொள்ளும் அச்செயலைவிட நுண்ணிய விருந்தோம்பலைக் கிரேக்க இலக்கியத்தில் நான் கண்டதில்லை. அவ்விருந்தின் முடிவில் மதுமணம் நாடிவந்த பிற சென்டார்களோடு பூசல் விளைந்ததும், ஹெராக்ளீஸின் நஞ்சம்பு ஒன்றை எடுத்துப் பார்த்த போலஸ் அது காலில் வீழ்ந்து இறந்ததும் துயரமான பின்கதை.

பாலிபீமஸ் கதை ஹோமர் படைத்தது அன்று, உலகெங்கும் வழங்கும் நாட்டுப்புறக் கதை ஒன்றன் வடிவமே என்று கூறி, மேற்கூறிய முரண்களை ஒட்டுவேலையின் தழும்புகளாகக் கருதுவார் உளர். வில்ஹெல்ம் கிரிம் 1857இல் இக்கதையின் வடிவங்களைத் திரட்டினார். ஹாக்மன் 1904இல் இருநூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தொகுத்தார். டெனிஸ் பேஜ் 1955இல் வெளியிட்ட நூலில், பிற வடிவங்களில் அரக்கனின் இறைச்சி வாட்டும் இருப்புக்கம்பியே ஆயுதமாகிறது என்றும், பெயரை மறைத்துக் கூறும் சூழ்ச்சி வேறொரு கதையிலிருந்து வந்து சேர்ந்தது என்றும் தெளிவாகக் காட்டினார். கதைமூலம் பற்றிய அளவில் அவர் முடிவுகள் ஏற்கத்தக்கனவே. ஆனால் புலவனின் கை தெரிவது அவன் மாற்றிய இடங்களில் அன்றோ? பிற வடிவங்கள் பலவற்றில், தப்பியோடுவோன் கையில் அரக்கன் மாயமோதிரம் ஒன்றைச் சேர்க்கிறான். அது கூவிக் கூவி அவன் இருப்பிடத்தைக் காட்டுகிறது. ஹோமரில் மோதிரம் இல்லை, கூவுவோன் ஒடிசியஸே. கப்பல் கரையை விட்டகன்றபின், தோழர் தடுக்கவும் கேளாது, உன் கண்ணைப் பறித்தவன் இதாக்காவினனாகிய லேயர்ட்டீஸ் மகன் ஒடிசியஸ் எனத் தன் ஊரையும் தந்தை பெயரையும் தன் பெயரையும் முழங்குகிறான். காட்டிக்கொடுக்கும் மாயப்பொருளின் இடத்தில் தலைவனின் புகழ்வேட்கையை வைத்தது ஒட்டுவேலை அன்று, அதுவே புலமை.

அப்பெயர் கிடைத்ததனால்தான் பாலிபீமஸ் வேண்டுதல் செய்ய இயல்கிறது. கைகளை விண்ணோக்கி உயர்த்தித் தந்தையை அழைக்கிறான். ஒடிசியஸ் ஊர் சேராதிருக்க. சேர்வது ஊழாயின், காலம் தாழ்த்து, தோழரை எல்லாம் இழந்து, பிறர் கப்பலில் சென்று, மனையில் துன்பம் காண்க என்கிறான். தெய்வத்தை மதியேன் என்றவன், முறைப்படி அமைந்த ஒரு வேண்டுதலைக் குறைவின்றிச் செய்கிறான். பொசைடன் அதனைக் கேட்டான். அதன்பின் ஒடிசியஸ் கரையில் அதே கிடாயைச் சீயஸ் கடவுளுக்குப் பலியிடுகிறான். சீயஸ் அப்பலியை ஏற்கவில்லை. தன் கதையைத் தானே கூறும் ஒடிசியஸ் வாயிலிருந்தே இது வருகிறது. அயலாரைக் காக்கும் சீயஸின் பெயரால் தண்டித்தேன் என்று முழங்கியவனின் பலியை அச்சீயஸ் மறுக்கிறார். கண்ணிழந்த ஆயனின் சொல் அடிபிறழாமல் நிறைவேறுகிறது. விருந்தோம்பிய பேயாக்கியரும் இதற்கு விலை கொடுக்கின்றனர். ஒடிசியஸை ஏற்றிச்சென்ற அவர் கப்பலைப் பொசைடன் கல்லாக்குகிறான். அறிவு விலங்குத்தன்மையை வென்ற கதை இது என்பார் இம்மூன்று நிகழ்ச்சிகளுக்கும் என்ன விளக்கம் தருவரோ!

கிர்க் என்னும் அறிஞர் 1970இல், சைக்ளோப்பியரும் சென்டார்களும் இயற்கைக்கும் பண்பாட்டிற்கும் இடையே இருபுறமும் சார்ந்து நிற்கும் இனங்கள் என்று விளக்கினார். இக்கட்டுரை அவருக்குக் கடப்பாடுடையது. ஆயினும் அத்தகு பகுப்பு இவ்வினங்களின் இருமையை விளக்கும் அளவுக்கு, அவற்றை எதிர்கொள்ளும் மனிதனின் இருமையை விளக்காது. பிற்காலப் புலவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கத்தை வளர்த்தனர். யூரிப்பிடீஸின் 'சைக்ளோப்ஸ்' நாடகத்தில் பாலிபீமஸ் செல்வமே அறிவுடையார்க்குத் தெய்வம் என வாதிடும் ஏதென்ஸ் நகரத்துச் சொல்வல்லான் போலப் பேசுகிறான். தியோக்கிரிட்டஸ் பாடலில் அவன் கடல்மகள் கலாட்டியாவைக் காதலித்துத் தன் ஒற்றைப் புருவத்துக்கு நாணும் இளைஞன். வெர்ஜில் காப்பியத்தில் ஆடுகளன்றி வேறு ஆறுதல் அற்ற குருடன். இவை யாவற்றுக்கும் வித்து 9ஆம் காண்டத்திலேயே இருக்கிறது.

இவ்வாராய்ச்சியில் நாம் அயலார் அல்லேம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கிரேக்கர் தம் விந்தை இனங்களை நிலவுலகின் விளிம்புகளில் வைத்தனர். அவ்விளிம்புகளுள் இந்தியாவும் ஒன்று. டெசியஸ் என்பார் இந்திய மலைகளில் நாய்த்தலை மாந்தரைக் குடியமர்த்தினார். அவர் மிக்க நீதியுடையோர் என்றும் எழுதினார். மெகஸ்தனீஸ் வாயில்லா மாந்தரையும், காதைப் படுக்கையாகக் கொள்வாரையும், ஒற்றைக்கண்ணரையும் இந்தியாவில் கூறியதாகச் சொல்லி ஸ்டிராபோ அவரைப் பொய்யர் எனச் சாடுகிறார். பாண்டிய நாட்டை ஹெராக்ளீஸ் மகள் பாண்டையாவோடு தொடர்புறுத்திக் கூறும் மெகஸ்தனீஸ் குறிப்பைத் தமிழக வரலாறு எழுதுவோர் விரும்பி எடுத்தாள்வர்; அதே ஏட்டின் ஒற்றைக்கண்ணரைப் பற்றி வாய்திறவார். நாமும் ஒருகால் யாரோ ஒரு மாலுமியின் சைக்ளோப்பியராக இருந்தோம் என்பதை அறிந்த பின்னர், ஒடிசியஸ் கூற்றை அப்படியே ஏற்றல் நமக்கு எளிதன்று.

இதன் பயன் மொழிபெயர்ப்பில் உடனே தெரியவேண்டும். சைக்ளோப்பியனை 'அரக்கன்' என்று தமிழாக்குவது வழக்கமாகிவிட்டது. மேலே நாட்டுப்புற வடிவங்களைக் குறிக்கையில் யானும் அச்சொல்லையே ஆண்டேன். அங்கு அது தகும். ஆனால் ஒடிசியின் தமிழாக்கத்தில் அச்சொல் வந்தவுடனே இராமகாதையின் போர்க்களம் முழுதும் உடன்வருகிறது. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிடுகிறது. 'பூதம்' என்பது உருவப் பெருமையை மட்டும் தரும், ஆயனைத் தராது. பெயரை அவ்வாறே ஒலிபெயர்த்து அமைவதே நேர்மை. அதனினும் முதன்மையான இடம் ஒன்று உண்டு. காப்பியத்தின் முதற் காண்டத்தில், கதையை நாம் இன்னும் கேளாத நிலையில், தெய்வங்களின் அவையில் சீயஸ் பாலிபீமஸைக் குறிக்கிறார். அவர் இடும் அடைமொழி கொடியோன் என்பதன்று. 'தெய்வம் நிகர்த்தவன்' என்னும் பொருளுடைய 'அன்டிதியோஸ்' என்பது. பெருவீரர்க்கு ஹோமர் சூட்டும் சொல் அது. இது பொருளிழந்த வாய்பாட்டுச் சொல் எனக் கூறி விடுப்போரும், வலிமை என மாற்றுவோரும் உளர். அடுத்துத் தமிழாக்கம் செய்வோர் அச்சொல்லை விடாது பெயர்த்தல் வேண்டும்.